பெர்க் மலைச்சரிவில் கிளைடர்: காலையில் கழுகோடு, சாயங்காலம் மீலிக் காட்டில்

சாட்ஸ்வொர்த்வாசி | திங்கள் இரவு 9.40

போன வாரம் கிளைடிங் கிளப்போடு டிராக்கென்ஸ்பெர்க் மலைக்கு, சுருக்கமாக பெர்க், போயிருந்தேன். இங்கே இரண்டு பேர் 'எழுது, எழுது' என்று துளைத்ததால் எழுதுகிறேன். ஏழு நாளையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், பாதி நாள் தூறலும் சீட்டாட்டமும்தான். புதன்கிழமை மட்டும் போதும்.

டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலை பிடித்து, மூயி ரிவர் டோல் தாண்டி, விண்டர்டனில் ஆர்-600க்குத் திரும்பினால் ஷாம்பெய்ன் பள்ளத்தாக்கு. எதிரே கேத்கின் சிகரம், 3,149 மீட்டர். அதற்கும் அந்தப் பக்கம் ஷாம்பெய்ன் காசில், 3,377. இந்தப் பெரிய எரிமலைப் பாறைச் சுவருக்கு முன்னால், வீட்டு வாசலில் கீழ்ப்படி போட்ட மாதிரி, புல் போர்த்திய மணற்கல் குன்றுகள் நிற்கும். அதற்குச் சிறு பெர்க் என்று பெயர். நாங்கள் பறந்தது பெரிய சுவரில் இல்லை, இந்தக் கீழ்ப்படியில்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டர்பன் கடற்கரையில் காற்றடிக்கும் நாளில் கட்டடத்தின் கடல் பக்கத்து ஓரத்தில் கடற்காகம் சிறகை அசைக்காமல் மிதக்குமே, அதே வித்தைதான். காற்று வந்து சரிவில் மோதுகிறது, போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அந்த ஏறும் காற்றுக்குள் மலையை ஒட்டிப் போனால் எஞ்சின் இல்லாமலே உயரத்தில் இருக்கலாம். மலை தீரும் இடத்தில் திரும்பி, வந்த வழியே மறுபடி. நாள் முழுக்க இப்படியே போய்ப் போய் வரலாம், காற்று சம்மதித்தால்.

புதன் காலை வடகிழக்குக் காற்று, 18 நாட். மணிக்கு 33 கிலோமீட்டர். எங்கள் குன்றின் முகமும் வடகிழக்கு. இதைவிட என்ன வேண்டும்? காலையில் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கை கிளைடரில் பயிற்றுநரோடு ஒரு சோதனைப் பறப்பு. அவரை நாங்கள் 'ஊம்' என்றுதான் கூப்பிடுவோம், ஆப்பிரிக்கான்ஸில் மாமா. எழுபது வயது தாண்டியவர், பின் சீட்டில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

இழுவை விமானம் 2,000 அடிக்குக் கொண்டுபோய் விட்டது. மஞ்சள் குமிழை இழுத்தேன், டங் என்று கயிறு கழன்றது. அப்புறம் சத்தமே இல்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய். காற்று கேனபி என்ற கண்ணாடி மூடியை உரசிக்கொண்டே இருக்கும், சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது காதில் கேட்பது போல. குன்றை நெருங்க நெருங்க, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் முள் நகர்ந்தது. ஒரு நாட், இரண்டு, இரண்டரை. இறக்கைக்குக் கீழே சரிவிலிருந்த புல் மேல்நோக்கிச் சீவிவிட்டது போலப் படுத்திருந்தது. ஒரு தகரக் கூரை, நான்கு ஆடு, நிமிர்ந்து பார்த்த ஒரு சிறுவன். அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் கூடத் தெரிந்தது, அவ்வளவு பக்கம்.

அப்போதுதான் பின்னாலிருந்து செருமல். 'வேகத்தைப் பார்.'

பார்த்தால் மணிக்கு 85 கிலோமீட்டர். நான் 105ல் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் மலை நின்றால் தொடுவானம் மறைந்துபோகும். மலையின் சரிவையே தொடுவானம் என்று கண் எடுத்துக்கொள்ளும். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவது தெரியாது. மலைக்குப் பக்கத்தில் வேகம் குறைவது போல ஆபத்து வேறில்லை. திடீரென்று ஒரு காற்றுக் குலுக்கல் வந்தால் சரிசெய்யக் கீழே இடம் கிடையாது.

திரும்புவது எப்போதும் பள்ளத்தாக்கு பக்கம்தான். மலைப்பக்கம் ஒரு தரம் கூடத் திரும்பக் கூடாது, பின்காற்று அப்படியே தள்ளிக்கொண்டுபோய்ப் பாறையில் அப்பிவிடும். அதனால் பாதை எட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

பத்தரை மணிக்கு அந்தத் தாடிக் கழுகு வந்தது. எங்களுக்கு முன்னால், கொஞ்சம் கீழே, துரு நிற வயிறு, ஆப்பு மாதிரி வால். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்குப் பகுதியிலேயே இந்த மலையிலும் லெசோத்தோவிலும்தான் இது மிச்சம் இருக்கிறது. தலையை மட்டும் திருப்பி எங்களை ஒரு முறை பார்த்தது. 17 மீட்டர் இறக்கையோடு நான் ரட்டரை, அதாவது வால் சுக்கானை, மிதித்துத் தடுமாற, அது ஒரு இறகு நுனியை மடக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

மத்தியானம் ஊம் 'சரி, தனியாகப் போ' என்றார். ஒற்றை இருக்கை ஆஸ்டிர், 15 மீட்டர் இறக்கை. சட்டைப்பையில் அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்குக் கறி. முதல் ஒன்றரை மணி நேரம் ராஜா மாதிரி இருந்தேன். போக, வர, போக, வர. ரொட்டியும் தீர்ந்தது.

மூன்றரை மணிக்கு மேல் ஒவ்வொரு சுற்றிலும் ஐம்பது அடி, நூறு அடி குறைந்தது. 'அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம்' என்றே நினைத்தேன். குன்றின் தலை என் கண்மட்டத்துக்கு வந்தது. பிறகு அதற்கும் மேலே போனது. வடக்கு முனையில் முள் ஒரேயடியாகக் கீழே சாய்ந்தது, நான்கு நாட் இறக்கம். எங்கள் விமானத்தளம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. என்னிடம் இருந்தது தரைக்கு மேல் 900 அடி.

சுருக்கமாகச் சொன்னால், அறுவடை முடிந்த ஒரு மீலிக் காட்டில், அதாவது மக்காச்சோள வயலில், இறங்கினேன். விமானத்துக்கும் எனக்கும் சேதமில்லை, மானத்துக்கு மட்டும் கொஞ்சம்.

சந்தேகப் பிராணி | திங்கள் இரவு 10.05

நல்ல கதை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எஞ்சின் இல்லாத ஒன்றில் மலைக்குப் பக்கத்தில் போவதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? தளத்துக்கு மேலேயே சுற்றியிருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா?

சாட்ஸ்வொர்த்வாசி | திங்கள் இரவு 10.20

வந்திருக்காது அண்ணா. பத்து நிமிடத்தில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

பீனிக்ஸ் பொறியாளர் | திங்கள் இரவு 11.15

எண் ஒன்று உதைக்கிறது. ஆஸ்டிரின் சறுக்கு விகிதம் ஏறக்குறைய 38க்கு 1, ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 38 மீட்டர் முன்னால் போகும் என்று படித்திருக்கிறேன். 900 அடி என்றால் 270 மீட்டர். 270ஐ 38ஆல் பெருக்கினால் பத்து கிலோமீட்டர் வருகிறது. தளம் ஆறு கிலோமீட்டர்தானே? ஏன் போகவில்லை?

பழைய இறக்கை | செவ்வாய் காலை 6.30

பொறியாளர் தம்பி, அந்த 38 அசையாத காற்றில். இறங்கும் காற்றில் கணக்கு மாறும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 28 மீட்டர் முன்னால் போகிறான். விமானம் தானாக நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். நான்கு நாட் இறக்கம் என்கிறான், அது முழுக்கக் காற்றுடையது என்று வைத்தால் இன்னொரு இரண்டு மீட்டர். ஆக நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது. 28ஐ மூன்றால் வகுத்தால் ஒன்பது, பத்து. 270 மீட்டரில் இரண்டரை கிலோமீட்டர்தான் தேறும். அதிலும் தளத்தில் சுற்றி வந்து இறங்க உயரம் மிச்சம் வைக்க வேண்டும். தளத்துக்கு நீட்டிப் பார்க்காமல் கீழே இறங்கினானே, அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் செய்த சரியான காரியம்.

மற்றதற்குத் திட்டு உண்டு. சாட்ஸ்வொர்த் தம்பி, மூன்றரை மணிக்குக் காற்று எந்தப் பக்கம்?

சாட்ஸ்வொர்த்வாசி | செவ்வாய் காலை 7.10

இதைத்தான் ஊமும் கேட்டார், இதே குரலில். எனக்குத் தெரியவில்லை அண்ணா. காலையில் வடகிழக்கு என்று மனதில் எழுதிக்கொண்டேன், அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

தெரிந்துகொள்ள வழி இல்லாமலும் இல்லை. பள்ளத்தாக்கில் தீத்தடுப்புக்காகப் புல்லை எரித்துக்கொண்டிருந்தார்கள், குளிர்காலம் முடியும்வரை இங்கே அது வழக்கம். காலையில் அந்தப் புகை குன்றின் நெஞ்சுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் இறங்கிய பிறகு பார்க்கிறேன், அதே புகை குன்றின் ஓரமாக நழுவித் தெற்கே போகிறது. அரை மணி நேரம் அந்தப் புகையின் பக்கத்திலேயே போய் வந்திருக்கிறேன். வாசனை கூட காக்பிட்டுக்குள் வந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பழைய இறக்கை | செவ்வாய் காலை 8.00

அதுதான். மறுநாள் குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வருவதாக முன்னறிவிப்பு இருந்திருக்குமே? நட்டாலில் குளிர்முகம் வருவதற்கு முன்னால் வடகிழக்கு வடக்காகும், வடக்கு வடமேற்காகும், கடைசியில் தென்மேற்கு அடித்துக்கொண்டு வரும்.

வடகிழக்குக் காற்று வடக்குக்கு மாறினால் 45 பாகை. சரிவில் நேராக மோதும் பங்கு எழுபது சதவீதம்தான். உன் 18 நாட் கிட்டத்தட்ட 13 ஆகிவிட்டது. அது மட்டும் என்றால் சமாளிக்கலாம். ஆனால் சிறு பெர்க்கில் குன்றுகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும். உனக்கு வடக்கே ஒரு விரல் இருந்ததா? காற்று வடக்கே திரும்பியதும் நீ அந்த விரலின் மறைவில் மாட்டியிருப்பாய். ஒரு குன்றின் முதுகுப் பக்கம் காற்று கீழேதான் விழும். நீ பார்த்த நான்கு நாட் அதுதான்.

இன்னொன்று, வெயில். வடகிழக்குச் சரிவுக்குக் காலை வெயில் முழுசாக உண்டு. சூடான புல்லிலிருந்து ஏறும் காற்றும் உன்னைத் தூக்கியிருக்கும். மூன்று மணிக்கு மேல் சூரியன் பெரிய சுவர்ப் பக்கம் போய்விடும், சரிவு ஆறிப்போகும். காலையில் இரண்டு பேர் தூக்கினார்கள், சாயங்காலம் ஒருத்தர், அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நீ காலைக் கணக்கிலேயே பறந்திருக்கிறாய்.

பீனிக்ஸ் பொறியாளர் | செவ்வாய் காலை 8.25

வாபஸ் வாங்குகிறேன். வெயில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

லெனேசியாக்காரன் | செவ்வாய் மத்தியானம் 12.40

நான் பாராகிளைடர் ஆள், ஹார்ட்டிபீஸ்பூர்ட் பக்கம் மகாலிஸ்பெர்கில். எங்கள் மலை தலைகீழ். தெற்கு முகம் செங்குத்து, வடக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கும். அதனால் தெற்குக் காற்றுக்குக் காத்திருப்போம், குளிர்முகம் கடந்த மறுநாள். உங்களுக்கு வினையாக வரும் அதே குளிர்முகம் எங்களுக்கு விருந்து கொண்டுவரும். உங்கள் தாடிக் கழுகு இங்கே கிடையாது, ஆனால் ஸ்கீர்பூர்ட் பாறைகளில் கேப் கழுகுகள் கூட்டமாகவே இருக்கின்றன. எதிரே இன்னொருவர் வந்தால் நாங்கள் யாருக்கு வலக்கைப் பக்கம் மலை இருக்கிறதோ அவருக்கு வழி விடுவோம். உங்களுக்கும் அதேதானா?

சாட்ஸ்வொர்த்வாசி | செவ்வாய் மத்தியானம் 1.05

அதேதான். நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வலப்பக்கம் மலை இருப்பவன் எங்கே ஒதுங்குவான்? அதனால் இடப்பக்கம் மலை உள்ளவன் பள்ளத்தாக்கு பக்கம் விலகிப் போக வேண்டும். கழுகுக்கு இந்த விதி யாரும் சொல்லவில்லை போல, எப்போதும் நாங்கள்தான் விலகுகிறோம்.

டோங்காட் அக்கா | செவ்வாய் சாயங்காலம் 5.50

தம்பி, எனக்கு நாட்டும் தெரியாது பாகையும் தெரியாது. மீலிக் காட்டில் இறங்கியதை ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதுதானே கதை! காட்டுக்காரர் என்ன சொன்னார்? மாடு முட்டியதா? அம்மாவுக்குத் தெரியுமா?

சாட்ஸ்வொர்த்வாசி | செவ்வாய் இரவு 8.30

அக்கா கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா.

இடம் ஆயிரம் அடியிலேயே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது 600ல். கண்ணில் முதலில் பட்டது ஒரு பச்சை வட்டம், சுழல் பாசனம் போட்ட கோதுமை. வட்டத்தின் நடுவில் குறுக்கே அந்த நீளமான இரும்புக் குழாய் சக்கரங்களில் நிற்கிறது. வேண்டாம். அடுத்தது புல்வெளி, நிறைய மாடு. வேண்டாம். மூன்றாவது அறுத்த மீலிக் காடு, மங்கிய மஞ்சள், லேசான ஏற்றம். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்று ஊம் சொல்வார். தேடினேன். கீழ் ஓரத்தில் மூன்று கம்பம், வரிசையாக. அதைத் தாண்டி இறங்கினால் போதும்.

ஏர் பிரேக்கைத் திறந்தேன். மேலிருந்து பார்த்தபோது பாய் விரித்த மாதிரி இருந்த காடு, கிட்டே வர வர முழங்கால் உயரக் கட்டைகளாக நின்றது. சக்கரம் பட்டதும் வயிற்றுப் பலகையில் தடதடதட என்று, தகரக் கொட்டகையில் கல்மழை பெய்த மாதிரி. நாற்பது, ஐம்பது மீட்டரில் நின்றுவிட்டது. இடது இறக்கை மெதுவாகச் சாய்ந்து மண்ணில் தலைவைத்தது. கேனபியைத் திறந்தேன். எங்கேயோ ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கை நடுங்கியதைச் சொல்ல மறக்கக் கூடாது. ரேடியோவில் 'பத்திரமாக இருக்கிறேன்' என்று சொல்ல இரண்டு தடவை பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

முதலில் வந்தவர் பண்ணை வேலைக்காரர், வயதானவர், நாயோடு. 'சாவுபோனா பாபா' என்றேன். 'யேபோ' என்றவர் விமானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜுலுவில் கேட்டார், எஞ்சின் எங்கே விழுந்தது என்று. எஞ்சினே கிடையாது என்று என் அரைகுறை ஜுலுவில் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. நம்பினாரா தெரியாது. போகும்போது மறுபடி மூக்குப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

பண்ணைக்காரர் பாக்கியில், அதாவது பிக்அப் வண்டியில், வந்தார். வேலியைத் திறந்துவிட்டார், காபி கொடுத்தார், மாடுகளை வேறு பக்கம் ஓட்டச் சொன்னார். கிளைடர் துணியைப் பசு நக்கியே கிழித்த கதைகள் கிளப்பில் நிறைய உண்டு. எங்களுடையது கண்ணாடி நார், இருந்தாலும் நாக்கு நாக்குதான்.

இருட்டிய பிறகு டிரெய்லரோடு ஊமும் இரண்டு பேரும் வந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஊசிகளை உருவி, இறக்கைகளைக் கழற்றி, ஆளுக்கொரு முனை பிடித்து உள்ளே தள்ளினோம். ஊம் ஒரு வார்த்தை திட்டவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று கேட்டது மட்டும்தான். அன்று ராத்திரிச் சாப்பாடும் பானமும் என் செலவு, அது கிளப் சட்டம்.

அம்மாவுக்குத் தெரியாது. அக்கா, நீங்களும் தெரியாத மாதிரியே இருங்கள்.

டோங்காட் அக்கா | செவ்வாய் இரவு 9.15

உங்கள் அம்மாவும் நானும் ஒரே கோயிலுக்குக் கஞ்சி ஊற்றப் போகிறவர்கள். பார்த்துக்கொள்கிறேன்.

பெர்க் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம். அறுபதுகளில் டோங்காட்டிலிருந்து அந்தப் பக்கத்து ஓட்டல் ஒன்றுக்கு லாரியில் காய்கறி கொண்டுபோவார். பின்வாசலில் இறக்கிவைத்துவிட்டு லாரியிலேயே படுத்துத் தூங்கிவிட்டு விடியற்காலை திரும்புவார். உள்ளே ஒரு டீ குடிக்க முடியாது, நிறவெறி ஆட்சி 1953ல் போட்ட தனி வசதிச் சட்டம் இருந்ததே. 1990ல்தான் எடுத்தார்கள். 'மலை மட்டும் நன்றாகத் தெரியும் புள்ள, லாரி கண்ணாடி வழியா' என்பார். நீ அதற்கு மேலே ரொட்டி தின்றுகொண்டு போயிருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார், அப்புறம் ரொட்டியில் மிளகாய் போதுமா என்று கேட்டிருப்பார்.

சந்தேகப் பிராணி | செவ்வாய் இரவு 9.50

அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. இருந்தாலும் நட்டால்காரர்கள் ஒன்று சொல்லுங்கள். ரைட் சகோதரர்களுக்கு முன்னாலேயே உங்கள் ஊரில் ஒருவர் பறந்தார் என்கிறார்களே?

பழைய இறக்கை | புதன் காலை 6.20

குட்மேன் ஹவுஸ்ஹோல்ட். 1870களில் ஹோவிக்கை அடுத்த கார்க்லூஃப் பக்கம் பண்ணைக்காரப் பையன். கழுகின் எடையையும் இறக்கையையும் அளந்து, பிஷப் கொலென்சோவிடம் கணக்குக் கேட்டு, தானே ஒரு கிளைடர் செய்து பள்ளத்தாக்கைத் தாண்டினான், கால் முறிந்தது, அம்மா இனிமேல் பறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதுதான் கதை. அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த சான்று கிடையாது, பின்னால் வாய்வழியாக வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். அம்மா சத்தியம் வாங்கிய பகுதியை மட்டும் முழுசாக நம்புகிறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி, அடுத்த தரம் ஒரு காரியம் செய். சுற்றின் ஒவ்வொரு முனையிலும் திரும்பும்போது வாய்விட்டு இரண்டு சொல்: காற்று எந்தப் பக்கம், நான் எந்தக் காட்டில் இறங்குவேன். தனியாகத்தானே இருக்கிறாய், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி | புதன் காலை 7.45

சரி அண்ணா. வெள்ளிக்கிழமை அப்படித்தான் செய்தேன், ரேடியோப் பொத்தான் அழுந்தியிருந்ததைக் கவனிக்காமல். இருபது நிமிடம் மொத்தத் தளமும் கேட்டிருக்கிறது. 'காற்று வடமேற்கு, மாட்டுக் காடு வேண்டாம், பாட்டி வீட்டுப் பக்கத்துக் காடு' என்று தமிழில்.

லெனேசியாக்காரன் | புதன் காலை 8.10

இதற்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வடமேற்கு என்றால் மலைக்கு இந்தப் பக்கம் அலைக்காற்று, அதாவது சுவரைத் தாண்டி அலையாக எழும்பும் காற்று, கிடைத்திருக்குமே?

சாட்ஸ்வொர்த்வாசி | புதன் காலை 8.20

கிடைத்தது, எனக்கில்லை. சுவரைத் தாண்டி விழும் காற்று கீழே உருண்டு புரளும், அதற்குள் இழுபட்டுப் போகும் தகுதி உனக்கு இன்னும் வரவில்லை என்று ஊம் கீழேயே உட்காரவைத்துவிட்டார். மேலே லென்ஸ் வடிவ மேகம் அசையாமல் நிற்க, அதற்கு முன்னால் இரண்டு பேர் புள்ளியாக ஏறிப்போனதை ஆரஞ்சு உரித்துக்கொண்டு பார்த்தேன்.

டோங்காட் அக்கா | புதன் காலை 10.30

அடுத்த முறை எப்போது போகிறீர்கள்? அந்த இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் வயதானவர்களை ஏற்றுவார்களா? ரொட்டி நானே சுட்டு எடுத்துவருகிறேன், மிளகாய் சரியாகப் போட்டு.

சாட்ஸ்வொர்த்வாசி | புதன் காலை 10.55

கட்டாயம் ஏற்றுவார்கள் அக்கா. முன் சீட்டு உங்களுக்குத்தான். ஒரே ஒரு விஷயம், எடை குறைவாக இருந்தால் சீட்டுக்குப் பக்கத்தில் ஈயக்கட்டி வைத்துப் பூட்டுவார்கள், பயந்துவிடாதீர்கள்.

டோங்காட் அக்கா | புதன் காலை 11.00

ஈயக்கட்டிக்கு வேலை வராது தம்பி.